காதக்கா மழையைப் படமெடுத்த கதை

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவில், எட்டடி அகலத்தில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அங்கே இருபத்து மூன்று வருஷமாக பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தவளுக்குத் தெருவில் காதக்கா என்று பெயர். நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "காது தெரியணும்." முடியை ஒதுக்கச் சொல்வாள், தொப்பியைக் கழற்றச் சொல்வாள், கைக்குழந்தையின் குல்லாயைக்கூட விடமாட்டாள். காது தெரியாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். வந்தால் பழி அவள் தலையில்தான் விழும். சின்னப் பிள்ளைகள் ஆரம்பித்து வைத்த பெயர் பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவள் கணவரே ஒருநாள் போனை எடுத்து, "காதக்கா கடைதான், சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் வேலையில் பாதி குரல்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் படபடப்போடு வருவார்கள். பிள்ளைகள் வீறிடும். அவள் கேமராவுக்குப் பின்னால் நின்று, "அப்படியே... கொஞ்சம் இந்தப் பக்கம்... போதும்... மூச்சு விடுங்க," என்று சொன்னால் போதும், அழுகிற பிள்ளையும் அரை நிமிஷம் வாயை மூடிக்கொள்ளும். அந்த அரை நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் அவள் கேமரா கடை வாசலைத் தாண்டியது கிடையாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "அங்க யாரும் ஒரு இடத்துல நிக்க மாட்டாங்களே," என்பாள். கல்யாணமான புதிதில் வாங்கிய அகலக் கோண லென்ஸ் ஒன்று பீரோவில், புடவைகளுக்கு அடியில், டப்பாவோடு கிடந்தது. எதற்கு வாங்கினாள் என்று கேட்டால், "அப்ப வயசு அப்படி," என்று சிரிப்பாள். மகள் பிறந்தாள், படித்தாள், வேலைக்கென்று வேறு ஊருக்கும் போய்விட்டாள். லென்ஸ் மட்டும் வீட்டிலேயே இருந்தது.

ஒரு கோடையில் எதிர்வரிசை அச்சகக்காரர் கையில் டீ டம்ளரோடு ஸ்டூடியோவுக்குள் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஸ்டூடியோம்மா, ஒரு உதவி. டயர் கடைக்காரர் காலண்டர் கேட்டிருக்கார். பன்னெண்டு மாசத்துக்கும் பன்னெண்டு இயற்கைக் காட்சி. வழக்கமா எடுக்கிற ஆள் மாடிப்படியில விழுந்து கால உடைச்சுக்கிட்டான். அச்சுக்குப் பிளேட் போட இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"நெட்ல கிடைக்காதா சார்?"

"போன வருஷம் அப்படித்தான் போட்டேன். அதே படத்த பக்கத்து ஊர் பெயின்ட் கடையும் போட்டிருக்கு. மனுஷன் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டார்."

"நான் முகம்தானே சார் எடுக்கிறேன்."

"மலைக்கும் முகம் இருக்கும்மா. டீசல் என் பொறுப்பு. போய்ட்டு வாங்க."

சரி என்று சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டிருந்தாள்.

வண்டிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் ஒருத்தி இருந்தாள், கணவரின் தங்கை. சொந்தமாகப் பள்ளிக்கூட வேன் வைத்து ஓட்டுகிறவள். எப்பேர்ப்பட்ட சந்துக்குள்ளும் வேனைப் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்துவதால் அவளை எல்லோரும் 'ரிவர்ஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். கோடை விடுமுறையில் வேன் சும்மா நின்றது. அவளும் சும்மா இருக்க முடியாமல் வீட்டில் பாத்திரங்களை இடம் மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளா? நாளைக்கே கிளம்பலாம் அண்ணி," என்றாள். எங்கே என்று கேட்கவே இல்லை.

கடையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது கணவர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் படிக்கிறவர். "நான் லீவு போடறேன். பட்டனை அமுக்கறதுதானே," என்றார். காதக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எழுப்பி, கேமராவுக்குப் பின்னால் நிற்க வைத்து, ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். கிளம்பும்போது வேனில் ஏறிய பிறகும் தலையை வெளியே நீட்டி, "காது தெரியணும்ங்க!" என்று கத்தினாள்.

முதல் நாள் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பொட்டு மேகம் கிடையாது. ரிவர்ஸுக்கு வாய் மூடவில்லை. வேனில் வரும் பிள்ளைகளில் யார் யாரைக் கடித்தார்கள் என்பதிலிருந்து, எந்த அப்பா மணியடித்த பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வருவார் என்பது வரைக்கும் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். காதக்கா ஒரு ஏரியை எடுத்தாள், ஒரு குன்றை எடுத்தாள், ஒற்றை மரம் ஒன்றை எடுத்தாள், பாலம் ஒன்றை எடுத்தாள். ஒவ்வொரு இடத்திலும் ஸ்டாண்டை ஊன்றி, கேமராவை நீர்மட்டம் பார்த்து நேராக்கி, எடுக்கிற பொருளை நட்டநடுவில் நிறுத்தி, ஒரே ஒரு படம். கடையில் எடுப்பதும் அப்படித்தான்.

சாயங்காலம் வழியில் ஒரு விடுதியில் அறை எடுத்தார்கள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படங்களை கேமராத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ரிவர்ஸ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"இந்த மலைக்கு விசா எடுக்கப் போறீங்களா?"

காதக்காவுக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் படத்தை மறுபடி பார்த்தாள். குன்று நேராக முறைத்துக்கொண்டு நின்றது. மரம் விறைப்பாக நின்றது. பின்னால் வானம், அவள் கடையில் தொங்கும் நீலத் திரையேதான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார்கள். பக்கத்து அறையிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள்.

சிரித்து முடித்த பிறகு அவளுக்குக் கவலை வந்துவிட்டது. என்ன தப்பு என்று தெரிகிறது. எப்படிச் சரி செய்வது என்று தெரியவில்லை. கணவருக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"ஏழு பேர். எல்லாம் நல்லா வந்திருக்கு," என்றார் அவர். கொஞ்சம் விட்டு, "ஒருத்தருக்கு மட்டும் தலையில பாதி வரலை. நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்," என்றார்.

மறுநாள் பத்து மணிக்குக் காற்று திரும்பியது. காற்றாலைகள் வரிசையாக நிற்கும் மேட்டு நிலத்தில் வேன் போய்க்கொண்டிருந்தது. மேற்கே சாம்பல் நிறத்தில் மேகங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. "போச்சு, வெயில் போயிடுச்சு," என்று ரிவர்ஸ் உச்சுக்கொட்டினாள். அதே நொடியில் சூரியனுக்கு முன்னால் மெல்லிய மேகம் ஒன்று நகர்ந்தது. மேட்டு நிலத்தில் அதுவரை கண்ணைக் கூச வைத்துக்கொண்டிருந்த வெளிச்சம் சட்டென்று மெத்தென்று ஆனது. புல்லுக்குப் பச்சை வந்தது. மண்ணுக்குச் சிவப்பு வந்தது.

"நிறுத்து, நிறுத்து," என்றாள் காதக்கா. "குடை போட்டாச்சு!"

ரிவர்ஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடையில் ஃபிளாஷ் விளக்கு முகத்தில் அடிக்காமலிருக்க அதன் முன்னால் வெள்ளைக் குடை ஒன்றை விரித்து வைப்பார்கள். மேகம் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. வானத்தில் விளக்குப் போடத் தெரிந்த ஒருத்தன் இருக்கிறான், ஆனால் சொல்பேச்சுக் கேட்கமாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று காதக்காவுக்குப் பட்டது. அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பீரோ லென்ஸை டப்பாவிலிருந்து எடுத்து மாட்டினாள். காற்றில் ஸ்டாண்டு ஆடியது. தண்ணீர்க் கேனை அதில் கட்டித் தொங்கவிட்டாள். மேகத்தைப் பார்த்து, "கொஞ்சம் இந்தப் பக்கம்... போதும்... அப்படியே," என்றாள். மேகம் காதில் வாங்காமல் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த மேகத்திடம் சொன்னாள்.

மத்தியானம் மழை பேயாய் அடித்தது. விடுதியில் வைத்திருந்த பிளாஸ்டிக் குளியல் தொப்பியை கேமராவுக்கு மாட்டிவிட்டு, தான் தலை முதல் கால் வரை நனைந்து நின்றாள். ஏரியின் அக்கரையில் மழை வெள்ளைச் சேலை காயப்போட்ட மாதிரி தொங்கியது. இக்கரையில் ஒரே ஒரு கீற்று வெயில் ஒரு படகின் மீது விழுந்திருந்தது. எடுத்தாள். கீற்று நகர்ந்து தண்ணீருக்குப் போனது. எடுத்தாள். வேனுக்குள்ளிருந்து ரிவர்ஸ், "அண்ணி, காய்ச்சல் வந்தா எங்கண்ணன் என்னைத்தான் வறுத்தெடுப்பார்!" என்று கத்தினாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

அந்த ஒன்று முப்பத்தெட்டு ஆனது.

மூன்றாம் நாள்தான் மலை. அடிவாரத்தில் டீயும் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தபோது வெயில் இருந்தது. ஆறாவது வளைவில் தூறியது. பத்தாவது வளைவில் மூடுபனி இறங்கி, வேனின் முகப்பு விளக்கு ஒரு கை தூரத்துக்கு மேல் போகாமல் நின்றுவிட்டது. சாலை ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. இரண்டு வளைவு தாண்டியதும் ரிவர்ஸ் பிரேக்கை மிதித்தாள். குறுக்கே பெரிய மரம் ஒன்று, வேரோடு, கிளைகளெல்லாம் சாலையில் பரப்பிக்கொண்டு கிடந்தது.

இறங்கிப் பார்த்தார்கள். இருவரால் அசைக்கக்கூடிய மரமாக இல்லை. மேலே பாறையிலிருந்து பொடிக்கற்கள் சரசரவென்று உதிர்ந்துகொண்டிருந்தன. அங்கே நின்றுகொண்டிருப்பது நல்லதாகப் படவில்லை. திருப்பவும் இடமில்லை. கடைசியாக அகலமான இடத்தைப் பார்த்தது ஒரு கிலோமீட்டர் கீழே.

"பின்னாலயே போக வேண்டியதுதான்," என்றாள் காதக்கா. "உனக்கா தெரியாது?"

இருவரும் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். ரிவர்ஸ் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"அண்ணி, சந்துல கண்ணாடியப் பாத்து ஓட்டுவேன். இங்க கண்ணாடியில வெள்ளையா ஒண்ணுதான் தெரியுது. சுவர் எது, பள்ளம் எதுன்னு தெரியல." பிறகு மெதுவாக, "எனக்கு பயமா இருக்கு அண்ணி," என்றாள்.

காதக்காவுக்கும் பயம்தான். ஆனால் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு வேறு எத்தனையோ முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கிற முகங்கள். எழுந்து வேனின் பின்பக்கம் போனாள். பிள்ளைகளுக்கான அவசரக் கதவைத் திறந்தாள். சால்வையை இடுப்பில் சுற்றி, மறுமுனையை இருக்கைக் கம்பியில் இறுக்கிக் கட்டினாள். தரையில் உட்கார்ந்தாள். கீழே குனிந்தால் சக்கரத்துக்கும் சாலை விளிம்புக்கும் உள்ள இடைவெளி நன்றாகத் தெரிந்தது.

"நான் உன் கண்ணாடி. நான் சொல்றத மட்டும் கேளு. எல்லா விளக்கையும் போடு, ஹாரனை விட்டு விட்டு அடி. ஆங், வா."

வேன் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"அப்படியே... அப்படியே... கொஞ்சம் பாறைப் பக்கம்... போதும். நல்லா வர்ற. இப்ப வளைவு. மெதுவா பள்ளத்துப் பக்கம்... பயப்படாத, ரெண்டு முழம் இருக்கு... நிறுத்து. மூச்சு விடு. இப்ப வா. தாடையக் கொஞ்சம் இறக்கு..."

"எதை இறக்கணும்?"

"ஐயோ, பழக்க தோஷம். நீ வா."

முன்னாலிருந்து சின்னதாக ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அதன் பிறகு வேன் ஓட்டம் இலகுவானது. ஸ்டீரிங்கில் பழைய கை வந்துவிட்டது என்பது பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கே தெரிந்தது.

முக்கால் தூரம் வந்திருப்பார்கள். பள்ளத்தாக்கிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று ஏறி வந்து காதக்காவின் முகத்தில் மோதியது. மூடுபனி அசைந்தது. நடுவில் கிழிந்தது. கிழிசல் பெரிதாகிக்கொண்டே போனது. திறந்த கதவுக்கு அப்பால், அவர்கள் ஏறி வந்த சாலை மூன்று வளைவுகளாக, மழையில் நனைந்து தகடு மாதிரி மின்னிக்கொண்டு கீழே இறங்கியது. அதற்கும் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் கரும் நிழல். நிழலின் நடுவே ஒரே ஒரு வயல் மட்டும் வெயிலில் மஞ்சளாய்ப் பற்றி எரிந்தது. மேலே மேகம் ஊதா நிறத்தில் உருண்டுகொண்டிருந்தது.

"நிறுத்து!"

அவள் போட்ட சத்தத்தில் ரிவர்ஸ் கால் பிரேக்கையும் கை பிரேக்கையும் ஒன்றாகப் போட்டாள். "என்னாச்சு அண்ணி? சக்கரம் இறங்கிடுச்சா?"

"இல்ல. வெளிச்சம் வந்துடுச்சு."

ரிவர்ஸ் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் வாழ்நாளில் அண்ணியிடம் பேசியிராத சில வார்த்தைகளைப் பேசினாள். காதக்கா எதையும் காதில் வாங்கவில்லை. சால்வையை அவிழ்த்துக் குதித்து, இரண்டு கல்லைப் பொறுக்கிப் பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்துவிட்டு, மறுபடி ஏறி கேமராவை எடுத்தாள். ஸ்டாண்டு வைக்க நேரமில்லை. நீர்மட்டம் பார்க்க நேரமில்லை. எது நடு, எது ஓரம் என்று பார்க்கவும் நேரமில்லை. ஒன்பது படங்கள் எடுத்தாள். பத்தாவதற்குள் பனி மூடிக்கொண்டது.

அகலமான இடத்துக்கு வந்து வேனைத் திருப்பி நிறுத்தியதும் ரிவர்ஸ் இறங்கிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள். காதக்கா காட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்த ரிவர்ஸ், "இதுல என் வேனோட கதவு விழுந்திருக்கு," என்றாள், பெருமையாக.

அச்சகத்தில் மேஜை முழுக்க படங்களைப் பரப்பியபோது அச்சகக்காரர் முதலில் கை வைத்தது முதல் நாள் படங்களில்தான். "ஆகா, இதுதான் காலண்டர்! மலைன்னா இப்படி நிமிர்ந்து நிக்கணும்." மழைப் படங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "அம்மா, சுவத்துல மழைய மாட்டினா வீடு ஒழுகற மாதிரி இருக்காதா?" மெஷின் ஓட்டுகிறவர் விரலில் மையோடு வந்து எட்டிப் பார்த்து, "சாம்பல் கலர் ரொம்பப் படுத்தும்க்கா. கொஞ்சம் அசந்தா பச்சையாப் போயிடும்," என்று முனகினார். ஆனாலும் ஏரிப் படத்தைக் கீழே வைக்க அவருக்கு மனசில்லை.

மலைப் படத்தில் ஓரமாகத் தெரிந்த மஞ்சள் கதவை வெட்டிவிடலாம் என்றார் அச்சகக்காரர்.

"கதவு இருக்கட்டும் சார்," என்றாள் காதக்கா.

"கண்ணை உறுத்துதேம்மா."

"இருக்கட்டும் சார். எங்கேர்ந்து பாத்தோம்னு தெரியணும்."

இருபத்து மூன்று வருஷத்தில் எதிர்வரிசைக்காரரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு டயர் கடைக்காரருக்கு ஆள் அனுப்பினார். வந்த மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எல்லாப் படங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். மலைப் படத்தில் நின்றார். "ஈர ரோடு. இறக்கம். வளைவு. ஓரத்துல வண்டிக் கதவு." படத்தை விரலால் தட்டினார். "இதப் பாத்தா எவனும் அன்னிக்கே டயர் மாத்துவான். இத அட்டையில போடுங்க." அவர் சொன்ன காரணம் காதக்காவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முடிவு பிடித்திருந்தது. உள்ளே நாலு மாதத்துக்கு முதல் நாள் படங்கள், மீதிக்கு மழை என்று பேசி முடித்தார்கள்.

கடையில் அவள் கணவர் நான்கு நாளில் முப்பத்தொரு பேரை எடுத்திருந்தார். அதில் பதினாறு பேர் மறுபடி வந்தார்கள். அவள் ஒவ்வொருவராக உட்கார வைத்து எடுத்துக் கொடுத்தாள். கணவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினேழாவதாகத் தானே நாற்காலியில் போய் உட்கார்ந்து, "என்னை ஒண்ணு எடுங்க, பாக்கலாம்," என்றாள். அவர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் யாரும் காலண்டர் கேட்கவில்லை. கேட்காமலேயே கிளம்பினார்கள். மழை வரும் என்று நம்பி இரண்டு ரெயின்கோட், கேமராவுக்கென்று ரிவர்ஸே தைத்த தார்ப்பாய் உறை, ஆறு துவாலை எல்லாம் வேனில் ஏறின. நான்கு நாளும் வெயில் கொளுத்தித் தள்ளியது. கடைசி நாள் ஒரு கடற்கரையில் வேன் நிழலில் துவாலைகளை விரித்து, ரிவர்ஸ் குறட்டை விட்டுத் தூங்கினாள். காதக்கா பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி வாக்கில் தெற்கே கைக்குட்டை அளவில் ஒரு மேகம் எட்டிப் பார்த்தது.

"ஏய், எழுந்திரு," என்று நாத்தனாரை உலுக்கினாள். "வருது, வருது!"